ஃபோர் வீல் கேம்பர்: கட்டுவதா, வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. தெற்கே திரும்பினால் கன்னியாகுமரி, வடக்கே திரும்பினால் ஸ்ரீநகர். மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டே முப்பது வருடம் வேலைக்குப் போய் வந்தோம். வீட்டுக்காரர் ஓசூரில் டீசல் இன்ஜின் வேலை, நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எனக்கு ஓய்வு கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது, அவருக்கு வரும் மே மாதம். அதன் பிறகு வருடத்துக்கு நாற்பது நாளாவது வெளியே கிளம்புவது என்று பேசி வைத்திருக்கிறோம். இமாசலத்தில் ஸ்பிட்டி, லடாக், அருணாசலப் பிரதேசம், குஜராத்தில் கட்ச். தார்ச்சாலை முடிந்த பிறகும் போகக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற ‘ஃபோர் வீல்’ வண்டி வேண்டும், அதிலேயே படுத்து எழ வேண்டும், அதாவது கேம்பர். கையில் 22 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது நான் போட்ட கோடு.

முதலில் விலை விசாரித்தது 2021-ல். அந்த வருடம்தான் ஃபோர்ஸ் கம்பெனியின் ஃபோர் வீல் ஜீப்பான கூர்கா புது வடிவில் வந்தது. மூன்று கதவு, ஷோரூம் விலை 13.59 லட்சம். இன்னும் காலம் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். 2024 மே மாதத்தில் மூன்று கதவு கூர்கா 16.75 லட்சம், ஐந்து கதவு 18 லட்சம். இடையில் ஆயுள் வரியும் ஏறியது. 2023 நவம்பருக்கு முன் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 15 சதவீதம் கட்டினால் போதும். அதன் பிறகு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. ஷோரூம் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் 2021-ல் வரி 2.04 லட்சம், 2024-ல் 3.02 லட்சம். வண்டி, வரி இரண்டும் சேர்த்து மூன்று வருடத்துக்குள் 4 லட்சத்துக்கு மேல் ஏற்றம். இன்ஷூரன்ஸ் இதில் சேரவில்லை.

இரண்டும் ஒரே வண்டி என்றும் சொல்ல முடியாது. 2021 கூர்காவின் இன்ஜின் 91 குதிரைத்திறன், 2024-ல் வந்தது 140. 2023 ஏப்ரலில் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதியின் இரண்டாம் கட்டம் வந்ததும், சாலையில் ஓடும்போது வெளிவரும் புகையையும் கண்காணிக்கும் சாதனங்கள் எல்லா வண்டியிலும் ஏறின. அந்தச் செலவு நம் தலையில்தான். ஆனால் மஹிந்திராவின் ‘தார்’ ஜீப் விஷயத்தில் நடந்ததை எல்லோரும் கவனிக்க வேண்டும். 2020 அக்டோபரில் புதிய தார் 9.80 லட்சத்தில் தொடங்கியது. அந்த விலைக்கே ஃபோர் வீல் இருந்தது. 2023 ஜனவரியில் 9.99 லட்சத்துக்கு ஒரு தார் வந்தது. ஆரம்ப விலை அப்படியே நிற்பதுபோல் தோன்றும், ஆனால் அது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஐந்து கதவு தார் ராக்ஸ் 2024-ல் 12.99 லட்சத்துக்கு வந்தபோதும் இதே கதை. அதில் ஃபோர் வீல் வேண்டுமென்றால் 18.79 லட்சத்திலிருந்து. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் விலையை ஃபோர் வீலின் விலை என்று நம்பி ஷோரூமுக்குள் போகாதீர்கள்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியது. 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத தரை இடைவெளி கொண்ட எஸ்.யு.வி.களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது. பொலிரோ போன்ற 4 மீட்டருக்குள் அடங்கும் 1,500 சி.சி. டீசல் வண்டிக்கு 31-லிருந்து 18. இத்தனை வருடத்தில் வரி குறைந்து விலை இறங்கியதை நான் பார்த்தது இந்த ஒரு முறைதான்.

போன வருடம் ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு விடுதி வளாகத்தில் ஜெர்மனி நம்பர் பிளேட்டோடு ஒரு யூனிமாக் (கரடுமுரடான பாதைக்கான பென்ஸ் லாரி) கேம்பர் நின்றது. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும். வீட்டுக்காரர் அனுமதி கேட்டு அடியில் படுத்து அச்சைப் பார்த்தார். யூனிமாக்கில் அச்சு சக்கரத்தின் நடுவில் போய்ச் சேராது, மேலேயே நின்று ஒரு கியர் வழியாகக் கீழே சக்கரத்தைச் சுழற்றும். போர்ட்டல் ஆக்ஸில் என்பார்கள். தரை இடைவெளி அவ்வளவு கிடைப்பதற்கு அதுதான் காரணம். எழுந்து வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அந்த வகை நமக்கு இல்லை, அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஃபோர்டு எஃப்-550 மீது கட்டும் எர்த்ரோமர் போன்ற அமெரிக்க வண்டிகள் 5 லட்சம் டாலருக்கு மேல், நம் பணத்தில் 4 கோடியைத் தாண்டும். கூண்டு முழுக்க ஃபைபர் சாண்ட்விச் பலகை, கையால் கட்டுவது, ஒரு வண்டிக்குப் பல மாத வேலை. கோவிட் நேரத்தில் எல்லோரும் தனியே பயணம் போக ஆசைப்பட்டார்கள், அதே நேரம் சிப் தட்டுப்பாட்டில் சேசிஸ் கிடைக்கவில்லை. ஏறிய விலை இறங்கவில்லை. இங்கே இறக்குமதி செய்தால் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகும் சுங்கவரி 70, விவசாய செஸ் 40, ஆக 110 சதவீதம். அதன் மேல் ஜி.எஸ்.டி. பழைய வண்டி என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அந்த ஜெர்மன் தம்பதி கார்னெட் என்ற தற்காலிக ஆவணத்தில் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள், திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள்.

உண்மையான போட்டி இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வீட்டுக்காரரின் யோசனை, பொலிரோ பிக்கப்பில் ஃபோர் வீல் எடுத்து, பின்னால் பஃப் பேனலில் (இரண்டு தகட்டுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பலகை) ஒரு பெட்டி வீடு கட்டுவது. நம் பக்கத்தில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. பஸ் பாடிக்குக் கரூர், லாரி பாடிக்கு நாமக்கல், திருச்செங்கோடு. பஃப் பேனல் வேலை தெரிந்தவர்கள் மாங்கூழ் ஆலைகளைச் சுற்றி இங்கேயே இருக்கிறார்கள். வண்டி ஆன் ரோடு 12 லட்சத்துக்குள், பெட்டி 7 முதல் 8 லட்சம், ஃபிரிட்ஜ், பேட்டரி, தண்ணீர் வேலை 2.5 லட்சம். 22 லட்சத்துக்குச் சரியாக வந்து நின்றது. இதே பெட்டி வேலைக்கு 2021-ல் ஒரு பட்டறையில் 4.5 லட்சம் சொல்லியிருந்தார்கள். இப்போது அலுமினியம், எஸ்.எஸ். தகடு, கூலி மூன்றும் ஏறிவிட்டது என்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது எடை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிறைமையம் பற்றி எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறடி உயரப் பெட்டிக்குச் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 25 சதுர மீட்டர் பலகை. இரண்டு பக்கமும் தகடு ஒட்டிய 40 மி.மீ. பஃப் பேனல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ. அதுவே 250. இரும்புச் சட்டம், கதவு, ஜன்னல், உள்ளே பலகை அடிப்பது என்று இன்னொரு 150. ஆக, ஒரு டம்ளர்கூட வைக்காத வெறும் பெட்டி 400 கிலோ.

உள்ளே போவது எவ்வளவு என்று ஊகிக்க இருவருக்கும் மனமில்லை. கொழுந்தனார் மாங்காய் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொண்டுபோக நினைத்த அத்தனையையும் அதில் ஏற்றினோம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து, 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, 5 கிலோ சிலிண்டர், அடுப்பு, மடக்குக் கட்டில், பஞ்சு மெத்தை, சின்ன ஃபிரிட்ஜ், எவர்சில்வர் பாத்திரம், இரண்டாவது ஸ்டெப்னி, அவருடைய டூல் பெட்டி, கம்பளி, அரிசி, கேழ்வரகு மாவு, வெயிலுக்கு இழுத்துக் கட்டும் தார்ப்பாய். மண்டிக்குப் பக்கத்து எடைமேடையில் காலி வண்டியை முதலில் நிறுத்திச் சீட்டு வாங்கியிருந்தோம். இரண்டாவது சீட்டில் வித்தியாசம் 410 கிலோ.

“அண்ணி, இது குடும்பம் காலி பண்ணிட்டுப் போற லோடு” என்றார் கொழுந்தனார்.

பெட்டி 400, சாமான் 410, நாங்கள் இருவரும் 135. மொத்தம் 945. ஒரு டன்னைச் சுற்றிச் சுமக்கும் வண்டிக்கு இது கழுத்தளவு. அதிலும் பாதி எடை ஆளுயரத்தில். சமவெளியில் ஒன்றும் தெரியாது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூட்டில் தெரியும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிப் பெட்டி சாயும்போது தெரியும். கரடுமுரடான பாதைக்காக ஃபோர் வீலுக்குப் பணம் கட்டி, அந்தப் பாதையில் போக முடியாதபடி அதன் மேல் வீட்டை ஏற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரம் இருக்கிறது. அதன்படி சோதனை முடித்து ஒப்புதல் வாங்கிய வடிவமாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேரவன் என்றே பதிவாகும். நாங்கள் பேசிய பட்டறை ஒன்றில், “சரக்கு வண்டியாகவே இருக்கட்டும், எஃப்.சி. சமயத்துல பெட்டியை இறக்கி வச்சுக்கலாம்” என்றார்கள். விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான். அந்தப் பட்டறைக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை. கட்டியே ஆக வேண்டும் என்பவர்கள், ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

பிக்கப்பிலேயே பெரியதாக டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இருக்கின்றன. பின்தொட்டிக்குக் கேனபி என்ற கூரை மூடி போட்டுக்கொண்டு உள்ளேயே படுக்கலாம், வண்டியின் வடிவத்தையும் மாற்ற வேண்டியதில்லை. என் கண்ணுக்கு நல்ல வழி அதுதான். ஆனால் ஹைலக்ஸ் 2022-ல் வந்தபோதே 33.99 லட்சம், அதன்பின் ஆரம்ப விலையைக் குறைத்தும் 22-க்குப் பக்கத்தில் வரவில்லை. எங்கள் கோட்டுக்கு வெளியே.

பழைய வண்டி எடுக்கலாமே என்று பலர் சொன்னார்கள். ஜிப்சியை மாருதி 2019-ல் நிறுத்தியது. அதற்குப் பிறகு நல்ல ஜிப்சிக்குக் கேட்கிற விலையைப் பார்த்தால் பழைய வண்டி என்ற சொல்லே பொருந்தவில்லை. 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000. கட்டணத்தைவிடப் பெரிய பிரச்சினை, வீட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையில் கியர் பாக்ஸ் நின்றால் என்ன செய்வது என்பது. அவர் சரி செய்துவிடுவார். அந்த நாட்களை அதில் கழிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கடைசியில் மேசையில் மிஞ்சியவை சின்ன வண்டிகள்: கூர்கா, தார், மாருதியின் ஜிம்னி. அவர் கூர்கா பக்கம். முன்னும் பின்னும் டிஃப்ரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வெறுமே சுழன்றாலும் மற்றது இழுக்கும்படி பூட்டுவது), 700 மி.மீ. தண்ணீரில் இறங்கும், 63.5 லிட்டர் டேங்க், டீசல். மறுக்க முடியாத வண்டி. மூன்று கதவு கூர்கா ஆன் ரோடு 20 லட்சத்தை ஒட்டி வருகிறது. ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்துக்கு வந்தது, எல்லா வகையிலும் ஃபோர் வீல், மெதுவாக ஆனால் அதிக விசையோடு இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் உண்டு, தரை இடைவெளி 210 மி.மீ. எங்களுக்குச் சொன்ன ஆன் ரோடு விலை 15 லட்சம் சொச்சம்.

நாங்கள் போக நினைக்கும் பாதைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். தர்மபுரிப் பக்கம் வத்தல்மலைக்கு இப்போது தார்ச்சாலை. லடாக்கில் 19,024 அடி உயர உம்லிங் லா வரைக்கும் எல்லைச் சாலை அமைப்பு தார் போட்டுவிட்டது. மிச்சம் இருப்பது ஸ்பிட்டியில் பத்தல் பக்கம் கல்லும் நீரோடையும், லடாக்கின் ஜன்ஸ்கரில் சில துண்டுகள். அங்கெல்லாம் லோ ரேஞ்சும் தரை இடைவெளியும் பொறுமையும் போதும். இரண்டு லாக்கும் சேர்ந்து வேண்டியிருக்கும் இடம் அந்தத் தாளில் ஒன்றுகூட இல்லை. இங்கே நம் காட்டிலும் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காவிரி வடக்குச் சரணாலயம் ஏற்கெனவே இருந்தது. 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைக்கு விட்ட இடத்தில் நாம் கூடாரம் அடிக்கக் கூடாது, அதில் எனக்கு முழு உடன்பாடு.

ஜிம்னியின் குறை சுமை. மொத்த எடை வரம்பு 1,545 கிலோ, வண்டியே ஏறத்தாழ 1,200. மீதி 335-லிருந்து 350. கூரை மேல் கூடாரம் வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று கதவு ஜிம்னிக்கு வெளிநாடுகளில் கொடுத்திருக்கும் கூரைச் சுமை 30 கிலோ. கூரைக் கூடாரம் ஒன்றே 50, 60 கிலோ. லேண்ட் ரோவரின் பெரிய வண்டியான டிஃபென்டருக்கு ஓட்டத்தில் 168 கிலோ வரை அனுமதி. அதன் மேல் கூடாரம் வைத்த படங்களைப் பார்த்துவிட்டுச் சின்ன வண்டியில் மாட்டினால் திருப்பத்தில் சாய்த்துவிடும்.

எனவே மறுபடியும் எடைமேடை. தண்ணீர் மூன்று கேன் போதும், தினமும் எங்காவது நிரப்ப முடியும். 58 கிலோ டியூபுலர் பேட்டரியை எடுத்துவிட்டு 100 ஏ.எச். லித்தியம், 13 கிலோ. டியூபுலரில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், லித்தியத்தில் ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். 200 வாட் சோலார் பலகை நம் வெயிலில் நாளுக்கு 800 வாட்-மணி, அதாவது 0.8 யூனிட் கொடுக்கும், ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் தாராளம். ஏ.சி. ஆசையை விட்டோம், இரவு எட்டு மணி நேரம் ஓட 6 யூனிட்டாவது வேண்டும், அதற்கான பேட்டரி ஒரு தனிச் சுமை. கட்டிலுக்குப் பதில் காற்றடைக்கும் மெத்தை, தரையில் அடிக்கும் 9 கிலோ கூடாரம். இரண்டாவது ஸ்டெப்னி போய், பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும். டூல் பெட்டியில் கைவைக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. முடிவில் 180 கிலோ. எங்களோடு சேர்த்து 315, வரம்புக்குள்.

கழிவறையைப் பற்றி இந்தப் பேச்சில் யாரும் வாய் திறப்பதில்லை. பெட்டி வீட்டுக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த ஒரே பலமான வாதம் அதுதான். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண் அதிகாலையில் திறந்தவெளியில் இடம் தேட வேண்டும் என்றால் எனக்குப் பயணமே வேண்டாம். கழற்றிக் கொட்டும் தொட்டி (கேசட்) வைத்த கையடக்கக் கழிவறை 5 கிலோதான், அதைச் சுற்றி நிறுத்தும் ஒற்றைக் கூடாரம் 3 கிலோ. 180-க்குள் அவையும் அடக்கம். டூல் பெட்டி மெலிந்தது இதற்கு இடம் விடத்தான்.

பணத்திலும் ஒரு கணக்கு. பெட்டி வீட்டுக்கும் ஜிம்னி, கூடாரம், பேட்டரிக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 7 லட்சம். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 49,000. ஒரு இரவுக்கு 1,500 ரூபாய் அறை என்றால் 32 இரவு. நாங்கள் வெளியே தங்கப்போவதே நாற்பது இரவுதான். மழை, குளிர், உடம்புக்கு முடியாத நாள் எல்லாவற்றுக்கும் வட்டியே அறை போட்டுக்கொடுக்கும், முதல் அப்படியே இருக்கும். இதைக் காட்டியபோது அவர் தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். “கணக்கு சரிதான். ஆனா தண்டியில என்ன பண்ணுவ?” என்றார். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தண்டி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை பேர்போனது. ஜிம்னிக்கு 40 லிட்டர் டேங்க், மலையில் லிட்டருக்கு 11 கிடைத்தாலும் 440. ஒரு 10 லிட்டர் கேனும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

கேரவன் வாடகைக்கும் ஒரு இடம் வைத்திருக்கிறோம். மாமியாருக்கு எண்பத்தொன்று. தரையில் கூடாரம் அவருக்கு ஆகாது, ராமேஸ்வரம் போக வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். பெங்களூரில் விசாரித்த இடத்தில் நாளுக்கு 12,000, ஓட்டுநர் படி தனி. நான்கு நாளுக்கு அரை லட்சம். தார்ச்சாலைக்கும் வயதானவர்களுக்கும் வாடகைதான் சரி. அதை வாங்கி வாசலில் நிறுத்தி வருடம் முழுக்க வெயிலில் காய வைக்க வேண்டியதில்லை.

போன வாரம் ஜிம்னிக்கு முன்பணம் கட்டினோம். கூடாரத்தை என் அண்ணனின் வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் இரண்டு இரவு அடித்துப் பார்த்தாயிற்று. முதல் இரவு மெத்தையில் காற்று இறங்கியது, வால்வைச் சரியாக மூடவில்லை. இரண்டாவது இரவு இருவரும் ஆறு மணி வரை தூங்கினோம். ஜூன் இரண்டாம் வாரம் மணாலி சாலை திறந்திருந்தால் அந்தப் பக்கம், இல்லையென்றால் சிம்லா வழியாக ஸ்பிட்டி.